பொருளியலில் இளங்கலை எடுக்கலாமா? முதல் வருடப் பாடநூலைத் தாண்டி ஒரு பதில்

கேட்டவரின் நிலைமை இது: பள்ளி முடித்தாயிற்று. பணவீக்கம், வட்டி விகிதம், வேலையின்மை என்று செய்தி வந்தால் விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. பல்கலைக்கழகத்தில் பொருளியல் எடுக்க ஆசை, ஆனால் கணக்கு சுமார். முதல் வருடப் பாடநூலைப் புரட்டினால் எளிதாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் படித்தவர்கள் கஷ்டம் என்கிறார்கள்? முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

முதல் வருடப் பாடநூலை வைத்து இந்தப் படிப்பை எடைபோட வேண்டாம். அதில் முடிவுகள் முன்னால் நிற்கும்; அவற்றைத் தாங்கும் அனுமானங்கள் பின்னால் மறைந்திருக்கும். அதனால்தான் எளிதாகத் தெரிகிறது. இரண்டாம் வருடத்தில் அந்த அனுமானங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒன்றை மாற்றினால் முடிவு என்ன ஆகிறது என்று பார்ப்பீர்கள். அதற்கப்புறம் தரவுகளை வைத்துக்கொண்டு நிஜத்தில் நடப்பது எது என்று தேடுவீர்கள். படிப்பின் சாரம் பிந்தைய இந்த இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது. எல்லாப் பொருளாதாரக் கேள்விக்கும் அடித்துச் சொல்ல விடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் வருடத்தோடு நின்றவர்கள்.

ஒரே கேள்வியை எடுத்து, அது வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று காட்டுகிறேன். அரசு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை குறையுமா?

முதல் வருடத்தில் இதற்கு விடை சொல்ல இரண்டு கோடு போதும். உழைப்புக்கான தேவைக் கோடு கீழிறங்கும், அளிப்புக் கோடு மேலேறும், இரண்டும் வெட்டும் இடத்தில் சமநிலை ஊதியம். அதற்கு மேலே ஒரு ஊதியத்தைச் சட்டமாக வைத்தால் வேலைக்கு வர விரும்புபவர்கள் கூடுவார்கள், வேலைக்கு எடுப்பவர்கள் குறைப்பார்கள். இடையில் உள்ள இடைவெளிதான் வேலையின்மை. தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண்.

இரண்டாம் வருடத்தில் ஆசிரியர் கேட்பார்: இந்தப் படத்தில் எத்தனை முதலாளிகள் இருக்கிறார்கள்? எண்ணற்ற பேர். ஊதியத்தை நிர்ணயிக்கும் சக்தி ஒருவருக்கும் கிடையாது, சந்தை ஊதியத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இதுதான் அந்தப் படத்தின் ஒளிந்திருந்த அனுமானம். இப்போது ஒரு பகுதியில் வேலை கொடுப்பவர் ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இலேயே அலசிய நிலைமை இது. அவரிடம் 10 பேர் ஆளுக்கு 100 அலகு ஊதியத்தில் வேலை செய்கிறார்கள். 11ஆவது ஆள் 105 கொடுத்தால்தான் வருவார். அவருக்கு 105 கொடுத்தால் மற்ற 10 பேருக்கும் 5 கூட்டித் தர வேண்டும். ஆக 11ஆவது ஆளின் உண்மையான செலவு 105 அல்ல, 155. அந்த ஆளால் 130 அலகு வருமானம் கூடும் என்றாலும் முதலாளி எடுக்க மாட்டார். இப்போது குறைந்தபட்ச ஊதியம் 105 என்று சட்டம் வருகிறது. பழைய 10 பேருக்கும் எப்படியும் 105 கொடுத்தே ஆக வேண்டும். எனவே 11ஆவது ஆளின் கூடுதல் செலவு வெறும் 105. வருமானம் 130. எடுத்துவிடுவார். ஊதியமும் கூடியது, வேலையும் கூடியது! முதல் வருட விடை தலைகீழாகிவிட்டது. ஆனால் சட்டம் 105க்குப் பதிலாக 140 என்று வைத்தால் அந்த 11ஆவது ஆள் மறுபடியும் வெளியே. உயர்த்துகிறோமா இல்லையா என்பதைப் போலவே எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதும் முக்கியம்.

சரி, நிஜத்தில் இரண்டில் எது? கோட்பாட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை வராது. இங்கேதான் எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளியல் கேள்விகளைத் தரவுகளையும் புள்ளியியலையும் வைத்துச் சோதிக்கும் பிரிவு, வருகிறது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் நியூ ஜெர்சியிலும் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். முழுநேர வேலைக்குச் சமமாகக் கணக்கிட்டால், நியூ ஜெர்சியில் ஒரு கடையின் சராசரி ஆள் எண்ணிக்கை 20.44இலிருந்து 21.03 ஆனது. இதை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே காலத்தில் பென்சில்வேனியாவில் 23.33இலிருந்து 21.17 ஆகக் குறைந்திருந்தது. ஊதியம் உயராத இடத்திலேயே ஆள் குறைந்திருக்கிறது என்றால், உயர்வு இல்லாமல் போயிருந்தால் நியூ ஜெர்சியிலும் குறைந்திருக்கும் என்று கொள்ளலாம். அந்த இரண்டு மாற்றங்களின் வித்தியாசத்தை எடுத்தால், ஊதிய உயர்வு வேலையைக் குறைத்ததற்கு அடையாளமே இல்லை.

1994இல் வெளியான இந்த ஆய்வு பெரிய சண்டையைக் கிளப்பியது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் தொலைபேசியில் கேட்டுப் பெற்ற எண்களை நம்பாமல், கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதே கேள்வியை மறுபடி ஆராய்ந்து, வேலை குறைந்தது என்றார்கள். 2000இல் கார்டும் க்ரூகரும் அரசுப் பதிவுகளை வைத்துப் பதில் எழுதினார்கள். பென்சில்வேனியா உண்மையிலேயே சரியான ஒப்பீடா, முதலாளிகள் சட்டம் வருவதை முன்பே தெரிந்து ஆட்களை மாற்றியிருப்பார்களா, ஒரு வருடத்துக்குள் தெரியாத விளைவு பிறகு தெரியுமா என்று கேள்விகள் நீண்டன. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது; க்ரூகர் 2019இலேயே இறந்துவிட்டார். நல்ல துறையில் படித்தால், மூன்றாம் வருட முடிவில் இந்தச் சண்டையை உட்கார்ந்து படித்து, எந்தப் பக்கத்தின் எந்த வாதம் வலுவானது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத பட்டம் எனக்கு அரைப் பட்டமாகத்தான் தெரிகிறது.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. "சுமார்" என்பதில் இரண்டு வகை உண்டு. கணக்குப் போடுவதில் வேகம் குறைவு, அங்கங்கே கூட்டல் தவறுகிறது என்றால் கவலையே வேண்டாம். குறியீடுகளைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிற வகை என்றால், சேருவதற்கு முன்பு அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தேவைப்படுவது என்னவென்றால்: வகையிடல், பல மாறிகள் உள்ள சார்புகளுக்குப் பகுதி வகையிடல், கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு உச்சம் காணும் லக்ராஞ்சி முறை, ஓரளவு அணிகள், நிகழ்தகவு, புள்ளியியல். தொகையிடல் அதிகம் வராது.

லக்ராஞ்சி முறையைச் சூத்திரமாக மனப்பாடம் செய்பவர்கள் நிறைய. அதில் லாம்டா என்று ஒரு குறி வரும். நுகர்வோர் கணக்கில் அந்த லாம்டா, வருமானம் ஒரு அலகு கூடினால் எவ்வளவு கூடுதல் திருப்தி கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்துவதற்கு என்ன மதிப்பு என்பதுதான் அதன் பொருள். இதைப் புரிந்துகொண்டவருக்கு மாசுக் கட்டுப்பாடு, வரவு செலவுத் திட்டம் என எங்கே போனாலும் அதே கருவி உதவும். புரியாமல் போட்டவர் அடுத்த தாளில் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜில் 1865ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தவர். பொருளியலை அங்கே தனிப் பட்டப்படிப்பாக 1903இல் கொண்டுவந்ததும் அவர் முயற்சிதான். அவரே 1906இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, பிறகு சாதாரண மொழியில் எழுது, வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு சேர், கடைசியில் கணிதத்தை எரித்துவிடு என்ற பொருளில் சொன்னார். கணிதம் பிடிக்காதவர்கள் இதை உற்சாகமாக மேற்கோள் காட்டுவார்கள். எரிப்பதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுவார்கள். (விலையைச் செங்குத்து அச்சில் போடும் வழக்கத்தை நிலைக்க வைத்தவரும் மார்ஷல்தான். விலை மாறுவதால் தேவை மாறுகிறது என்று சொல்லிவிட்டு, கணித வகுப்பில் கற்றதற்கு நேர்மாறாக அச்சுகளை வரைவதால் முதல் மாதம் எல்லோரும் குழம்புவார்கள். உங்கள் தவறில்லை, பழகிவிடும்.)

என் கணிப்பில், மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது நுண்கணிதத்தில் இல்லை, புள்ளியியலில். ஒரு மாதிரியிலிருந்து கிடைத்த சராசரி, வேறொரு மாதிரி எடுத்திருந்தால் வேறாக இருந்திருக்கும் என்ற எண்ணம் மனதில் பதிவதற்கு நாளாகும். திட்டப் பிழை, நம்பிக்கை இடைவெளி எல்லாம் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. அது பதியாமல், ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் ரெக்ரஷனுக்குப் போனால் மென்பொருள் துப்பும் அட்டவணையில் நட்சத்திரக் குறிகளை எண்ணுவதோடு நின்றுவிடும். எனவே விடுமுறையில் ஏதாவது ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் நிகழ்தகவைப் படியுங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மைக்ரோ, அதாவது தனி நுகர்வோர், நிறுவனம், சந்தை பற்றியது. உங்களை இழுத்த பணவீக்கமும் வட்டியும், நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் மேக்ரோவில் வருகின்றன. மைக்ரோவில் ஒரு கட்டடம் மாடி மாடியாக எழும்புகிற உணர்வு இருக்கும். மேக்ரோவில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு மாதிரி: குறுகிய காலத்துக்கு ஜான் ஹிக்ஸ் 1937இல் வரைந்த ஐஎஸ்-எல்எம் (வட்டியும் மொத்த உற்பத்தியும் சேர்ந்து எப்படி நிர்ணயமாகின்றன என்று காட்டும் இரண்டு கோடுகள்), நீண்ட கால வளர்ச்சிக்கு ராபர்ட் சோலோ 1956இல் தந்தது. எந்தக் கேள்விக்கு எதை எடுப்பது என்று தெரியாமல் பலர் திணறுவார்கள்.

மேக்ரோவைப் புரிந்துகொள்ள நல்ல வழி அதன் சண்டைகளை வரிசையாகப் படிப்பது. ஏ.டபிள்யூ. பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், அடிப்படையில் பொறியாளர். பொருளாதாரத்தில் பணம் சுற்றுவதைக் காட்ட, குழாய்களில் நீர் ஓடும் ஒரு இயந்திரத்தையே 1949இல் செய்துகாட்டியவர். அவர் 1958இல், பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை வேலையின்மை குறைந்த காலங்களில் கூலி வேகமாக உயர்ந்திருப்பதைக் காட்டினார். கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைக்கலாம் என்று இதைக் கொள்கையாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பொருளியலாளர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960களின் இறுதியில் தனித்தனியே எச்சரித்தார்கள்: விலை உயரும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்த உறவு நிற்காது. 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. 1976இல் இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் இதைப் பொதுவாக்கினார். பழைய தரவுகளில் தெரியும் உறவு, பழைய கொள்கையின் கீழ் மக்கள் நடந்துகொண்ட விதத்தால் வந்தது. கொள்கையை மாற்றினால் நடத்தையும் மாறும், உறவும் கலையும். மத்திய வங்கிகள் இன்று மக்களின் எதிர்பார்ப்புகளைப் பற்றி ஓயாமல் பேசுவதற்கு வேர் இங்கே இருக்கிறது. இதைப் படித்தபின் வட்டி விகிதச் செய்தியை வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

சோலோ மாதிரியில் ஒரு சின்னக் கணக்கு மட்டும். உற்பத்திச் சூத்திரத்தில் மூலதனத்தின் (இயந்திரங்கள் போன்றவை) அடுக்குக்குறி மூன்றில் ஒன்று என்று வைத்தால், ஆட்களும் தொழில்நுட்பமும் மாறாமல் இயந்திரங்களை இரண்டு மடங்காக்கினாலும் உற்பத்தி சுமார் 26 சதவீதம்தான் கூடும். அடுத்த இரட்டிப்புக்கும் அதே 26தான், ஆனால் அதற்குச் சேர்க்க வேண்டிய இயந்திரங்கள் முன்பைப்போல் இரண்டு பங்கு. இயந்திரங்களைக் குவித்தே ஒரு நாடு முடிவில்லாமல் வளர முடியாது என்பது இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது. அப்படியானால் வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த ஐம்பது வருட ஆராய்ச்சிக்குத் தீனி போட்டது.

விருப்பப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உழைப்பு, வளர்ச்சி, பொது நிதி, பன்னாட்டு வணிகம், சுற்றுச்சூழல், நடத்தைப் பொருளியல் என்று இருக்கும்; பிடித்ததை எடுங்கள். ஒரு தாளாவது பொருளாதார வரலாறாக இருக்கட்டும். 2008 நெருக்கடிக்குப் பிறகு பல நாடுகளில் பொருளியல் மாணவர்களே, நெருக்கடியைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் வகுப்பில் ஒன்றும் சொல்லித்தருவதில்லை என்று கொடி பிடித்தார்கள். ஹார்வர்டில் 2011இல் அறிமுக வகுப்பிலிருந்து ஒரு குழுவே வெளிநடப்புச் செய்தது. அந்தக் குறை பாதி நியாயமானது. முதல் வருடப் பாடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் தகவல் குறைபாடு, சந்தைத் தோல்வி பற்றியெல்லாம் துறை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தது. பாடத்திட்டம்தான் ஆராய்ச்சியை விட்டுப் பின்தங்கியிருந்தது. அதற்கப்புறம் கோர் என்ற பெயரில் பல நாட்டுப் பொருளியலாளர்கள் சேர்ந்து இணையத்தில் இலவசமாக ஒரு பாடநூலைக் கொண்டுவந்தார்கள். ஏற்றத்தாழ்வு, வரலாறு, நிறுவனங்கள் இவற்றிலிருந்து தொடங்குவதால் உங்களைப் போன்றவருக்குச் சேருவதற்கு முன்பே படிக்க ஏற்றது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் பாருங்கள். இரண்டாம் வருட மைக்ரோவில் வகையிடல் வருகிறதா? எகனாமெட்ரிக்ஸ் ஒரு தாளா, இரண்டா? ஆர், ஸ்டாட்டா, பைத்தான் போன்ற தரவுக் கணினிக் கருவிகளில் ஏதாவது ஒன்றில் மாணவர்கள் தாங்களே தரவைக் கையாள்கிறார்களா? கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை உண்டா? வினாத்தாளில் "வரையறுக்க", "விளக்குக" என்று மட்டுமே இருந்தால் அங்கே மனப்பாடம் போதும், அதே அளவுக்குத்தான் கற்பீர்கள். "இந்த அனுமானத்தை நீக்கினால் என்ன ஆகும்" என்ற வகைக் கேள்விகள் இருந்தால் அந்தத் துறையை நம்பலாம். பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருளில் வருகிறது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

படிக்கும் முறை: கணக்குத் தாள்களைப் போட்டுப் பார்க்காமல் வகுப்புக் குறிப்பை மட்டும் படிப்பவர்கள் தேர்வறையில்தான் தங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். வரைபடங்களைக் கையால் வரையுங்கள். எந்தக் கோடு நகர்கிறது, எந்தக் கோட்டின் மேல் புள்ளி நகர்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவை மாறுவதையும் தேவைப்படும் அளவு மாறுவதையும் குழப்பிக்கொண்டு மூன்றாம் வருடம் வரை வந்தவர்கள் உண்டு.

வேலை: இது ஒரு தொழிலுக்கு நேராகக் கொண்டுபோய் விடும் பட்டம் கிடையாது. பங்குச் சந்தையில் சம்பாதிக்கவோ, தொழில் நடத்தவோ, கணக்கு எழுதவோ இங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவை வேண்டுமென்றால் வணிகவியல் பக்கம் போங்கள். மத்திய வங்கி, புள்ளிவிவரத் துறை, கொள்கை ஆய்வு அமைப்புகள், வங்கி, ஆலோசனை நிறுவனம், தரவுப் பகுப்பாய்வு, பத்திரிகை ஆகியவற்றுக்குப் பொருளியல் பட்டதாரிகள் போகிறார்கள். இளங்கலை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடும்போது பொதுவாகக் கைகொடுப்பது எகனாமெட்ரிக்ஸும் எழுத்தும். பொருளியலாளர் என்ற பெயரிலேயே வேலை வேண்டுமென்றால் பல இடங்களில் முதுகலை தேவைப்படும். முனைவர் பட்ட ஆசை இருந்தால் கணிதத் துறையில் நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் எடுத்துவிடுங்கள். அங்கே சேர்க்கைக் குழுக்கள் பொருளியல் மதிப்பெண்ணோடு கணிதத் தாள்களையும் உன்னிப்பாகப் பார்க்கின்றன.

சேருவதா வேண்டாமா என்று இன்னும் தயக்கம் இருந்தால், அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தை பற்றி எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். மொத்தம் 13 பக்கம். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரித் தரத்துக்குத்தான் விலை கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சராசரி இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையே காணாமல் போகலாம். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் பிறகு 2001இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. நடுவில் கொஞ்சம் கணிதம் வரும், முதல் தடவை அதைத் தாண்டிப் போகலாம். படித்து முடித்தபின் காப்பீடு, கடன், வேலைக்கு ஆள் எடுப்பது என்று இதே சிக்கல் வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று தானாக யோசிக்கத் தோன்றினால், தயங்காமல் விண்ணப்பியுங்கள். தாண்டிப்போன அந்தக் கணிதத்தை இரண்டாம் வருடத்தில் நீங்களே போட்டுவிடுவீர்கள்.